தீபாவளி விபத்து: காயம் ஆறினால் மட்டும் போதுமா?



தீபாவளி வந்தால் உடல்நலப் பகுதியில் எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரை வியாதியையும் பற்றி எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அதைத் தள்ளி வைப்போம். பெருநாள் நேரத்தில் குடிபோதையில் ஓட்டியவன் மோதி அடிபட்டவர்களும், பட்டாசு வெடித்துக் கை, கண் புண்ணானவர்களும் தங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடைந்த காலை டாக்டர் கட்டுவார். நாலு மாதம் வேலைக்குப் போகாமல் போன சம்பளத்தை யார் கட்டுவது? அதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. தெரியாததால் விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

முதலில் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தீப்புண்ணுக்கு ஓடுகிற குழாய்த் தண்ணீர்தான் முதல் மருந்து. இருபது நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையலை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கின பிறகு கழற்ற முடியாது. பற்பசை, கிச்சாப்பு, மஞ்சள், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள். எதுவும் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்துப் பிடித்து, நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் துண்டாகிவிட்டால், சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும். சாலை விபத்தானால் 999க்கு அழையுங்கள். ரத்தம் வரும் இடத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

குடித்தவன் மோதினால் இன்சூரன்சு கொடுக்காதா?

"அவன் தண்ணி போட்டுட்டு ஓட்டினான், அதனால இன்சூரன்சுகாரன் ஒரு காசும் தரமாட்டான்." இந்தப் பேச்சு தோட்டத்துக் காப்பிக் கடையிலும் கேட்கும், பட்டணத்திலும் கேட்கும். இதில் பாதி உண்மை, பாதி பொய். குடித்து ஓட்டியவருடைய சொந்தக் கார் நசுங்கினால் அவருடைய கம்பெனி அதற்குக் கொடுக்காது, அது உண்மை. ஆனால் அவர் மோதி அடிபட்டவருக்கு, அதாவது ரோட்டில் நடந்துபோனவருக்கும் மோட்டார் சைக்கிளில் போனவருக்கும், அந்தச் சாக்கு செல்லாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்சு இருந்தாக வேண்டும். 'ஓட்டுநர் குடித்திருந்தால் பொறுப்பில்லை' என்று கம்பெனி பாலிசியில் எழுதி வைத்திருந்தாலும், அடிபட்ட மூன்றாம் தரப்பை அது கட்டுப்படுத்தாது என்று அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினால் கம்பெனி கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு குடித்தவனிடம் வசூலிப்பது கம்பெனியின் பாடு. அது நம் கவலை இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட ஏழு நாளுக்குள்ளோ கம்பெனிக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். இது வக்கீலின் வேலைதான். ஆனாலும் "நோட்டீஸ் அனுப்பியாச்சா?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கேட்டால் தப்பில்லை.

மோதிய வண்டிக்கு இன்சூரன்சே இல்லாவிட்டால் என்ன செய்வது? அப்போதும் கதவு முழுக்க அடைபடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே மோட்டார் இன்சூரன்சு பியூரோ என்று ஒன்று இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். எப்படியானாலும் வண்டி நம்பர் முக்கியம். விழுந்தவரைத் தூக்குகிற நேரத்திலேயே ஒருவர் நம்பரைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட வேண்டும்.

குடித்தவருடைய காரில் கூட உட்கார்ந்து போனவர்களின் நிலை இவ்வளவு எளிதல்ல. கட்டாய இன்சூரன்சு பொதுவாகப் பயணிகளைச் சேர்ப்பதில்லை. ஓட்டியவர் மேலேயே வழக்குப் போடலாம். ஆனால் பாலிசியில் பயணிகளையும் சேர்த்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் குடித்தது தெரிந்தே ஏறியிருந்தால் தொகையும் குறையும். 'மச்சான்தானே ஓட்டுகிறார்' என்று பின்னால் ஏறும் இளைஞர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

போலீஸ் வழக்கு வேறு, நம் வழக்கு வேறு

2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சட்டம் மிகக் கடுமையாகிவிட்டது. மூச்சில் அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமிலிருந்து 22 ஆகவும், ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகவும் குறைந்தது. குடித்து ஓட்டி உயிர் போகக் காரணமானவருக்கு முதல் தடவையே 10 முதல் 15 வருடம் சிறை, அத்துடன் 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். பீர் ஆனாலும் சம்சு ஆனாலும் கணக்கு ஒன்றுதான். கட்டங்காப்பி குடித்தாலும், குளித்தாலும், மோர் குடித்தாலும் ரத்தத்தில் உள்ள அளவு சீக்கிரம் இறங்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ராத்திரி இரண்டு மணி வரை குடித்தவர் காலையில் கோவிலுக்கு வண்டி எடுக்கும்போதும் அளவுக்கு மேலேயே இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு லட்சம் வெள்ளி அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. அடிபட்ட குடும்பத்துக்கு அல்ல. "போலீஸ் அவனைப் பிடிச்சிட்டாங்க, கேஸ் நடக்குது" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் நமக்கு எதுவும் வராது. நஷ்டஈட்டுக்கு நாம் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். அவர் கிரிமினல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், சிவில் வழக்கில் அதை அவருக்கு எதிராகச் சாட்சியமாகக் காட்டலாம். கிரிமினல் கோர்ட்டும் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவில் அதற்கு இடமுண்டு. ஆனால் அரசாங்கத் தரப்பு வக்கீல் அதைக் கேட்க வேண்டும். விசாரணை அதிகாரியிடம் உங்கள் செலவுக் கணக்கைக் கொடுத்து, இப்படிக் கேட்கும்படி சொல்லி வையுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டை விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அடிபட்டவர் வார்டில் இருந்தால் வீட்டில் ஒருவர் போய்க் கொடுக்கட்டும். எதிராளியிடம் மதுவாடை வீசியது, தள்ளாடினார், வண்டியில் பாட்டில் கிடந்தது என்றால் அதையும் சொல்லுங்கள். குடித்தாரா என்று சோதிக்கும் அதிகாரம் போலீசுக்குத்தான் உண்டு. நேரம் போகப் போக அளவு இறங்கிவிடும். ஆகவே அந்த இடத்திலேயே, "அவரைச் சோதியுங்கள் ஐயா" என்று கேளுங்கள். ரிப்போர்ட்டு மலாய்மொழியில் இருக்கும். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'இடதுபக்கம் வந்தேன்' என்று சொன்னது 'வலதுபக்கம்' என்று விழுந்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கையில் பிடிப்பார்.

உங்கள் மோட்டாருக்கு ரோட்டாக்ஸ் இல்லை, லைசென்சு இல்லை என்ற பயத்தில் ரிப்போர்ட்டே கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. அதற்கு சம்மன் வரும், அது தனி. அதற்காக, குடித்து மோதியவனிடம் கேட்க வேண்டிய நஷ்டஈட்டை விட்டுவிட வேண்டியதில்லை. ஹெல்மெட்டு போடாமல் தலையில் அடிபட்டிருந்தாலோ, நாமும் கொஞ்சம் போட்டிருந்தாலோ, நம் பங்குத் தப்பு எவ்வளவு என்று பார்த்து ஜட்ஜ் தொகையைக் குறைப்பார்.

பணம் எந்தக் கணக்கில் வருகிறது

வலி வேதனைக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, போக்குவரத்துக்கு, பார்த்துக்கொண்டவரின் உழைப்புக்கு, இழந்த சம்பளத்துக்கு என்று தனித்தனிக் கணக்கு. இதில் பெரிய தொகை சம்பளந்தான். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இதற்கு ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அதைத் திருத்தி, 55 வயது என்றிருந்ததை 60 ஆக்கினார்கள். வேலையில் இருந்தவருக்கு 30 வயதுக்குள் என்றால் 16 வருடம். 31க்கு மேல் என்றால், 60லிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதி.

நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மாதம் 1,800 வெள்ளி. தம் சொந்தச் செலவு 600 போக வீட்டுக்கு 1,200 கொடுத்தார். வருடத்துக்கு 14,400. அறுபதில் நாற்பது போனால் இருபது, அதில் பாதி பத்து. ஆக 144,000 வெள்ளி. இது போக, துக்கத்துக்கென்று மனைவிக்கு 30,000 வெள்ளி. திருத்தத்துக்கு முன்பு அது 10,000 தான். ஈமச் செலவு தனி. இப்போது சொல்லுங்கள்: மோதியவனின் அண்ணன் வீட்டுக்கு வந்து, ஐயாயிரம் வெள்ளியை மேசையில் வைத்து, "பெருநாள் நேரம், பெரிசாக்க வேணாம்" என்றால் அது நியாயமா? பணத்தை வாங்கிக்கொண்டு 'முழுவதும் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், பிறகு அந்தத் தாளே நம் கழுத்தைப் பிடிக்கும். ஈமச் செலவுக்கு உதவியாகக் கொடுத்தால் மனிதாபிமானம் என்று ஏற்றுக்கொள்ளலாம். கையெழுத்து மட்டும் வேண்டாம்.

உயிரோடு இருப்பவருக்கு எதிர்காலச் சம்பளம் கேட்கவேண்டுமானால், அடிபட்ட நேரத்தில் அவர் சொந்த உழைப்பில் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று காட்ட வேண்டும். கங்காணியிடம் கைக்காசாகச் சம்பளம் வாங்குகிற குத்தகைத் தொழிலாளிக்கும், வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிற பெண்ணுக்கும் இங்கேதான் இடிக்கிறது. சம்பளச் சீட்டு, இபிஎப் கணக்கு, பேங்குப் புத்தகம், விற்ற கணக்கெழுதிய நோட்டு என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். செக்ரோலில் பெயர் இருந்தால் கிராணியிடம் நகல் கேளுங்கள்.

மனைவியின் பங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 1982ஆம் ஆண்டு மார்ச்சு முதல் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர்கள் தோட்டங்களில் இன்னமும் இருக்கிறார்கள். பதிவு இல்லாவிட்டால், 'இவர் சட்டப்படி மனைவிதானா' என்று கேட்டே எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும். வக்கீலிடம் மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். அதற்காகக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ விபத்து நடந்தால், அது சொக்சோ கணக்கிலும் வரும். பெருநாள் முதல் நாள் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நிர்வாகத்துக்கு உடனே தெரிவியுங்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும், சந்தா சரியாகக் கட்டியிருந்தால், சொக்சோவின் பிழைத்திருப்போர் பென்சன் உண்டு. சொக்சோவில் கேட்டதால் வெளியாள் மேல் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. மோதியது உங்கள் முதலாளியின் லோரி என்றால் மட்டும் நிலைமை வேறு. அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு வரும் தரகர்

விபத்து நடந்த மறுநாள், பழத்தோடு ஒருவர் கட்டில் பக்கம் வந்து நிற்பார். நல்ல தமிழில் பேசுவார். "அக்கா, ஒரு காசு முன்பணம் வேணாம். கிடைச்சா முப்பது பெர்சன்ட், கிடைக்காட்டி ஒண்ணுமில்ல. இங்க ஒரு கையெழுத்து" என்பார். பார்த்தால் வெற்றுத்தாள். வழக்கில் வெற்றி பெற்றால்தான் கூலி என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கிறது. அப்படியிருக்க, வக்கீலே இல்லாத தரகருக்கு நம் பணத்தில் பங்கு ஏது? ஒரிஜினல் அடையாளக் கார்டு, இறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். நகல் போதும். வக்கீல் யார், அலுவலகம் எங்கே என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். பணம் இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தோட்டக் கமிட்டித் தலைவரைப் பிடித்து சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

பட்டாசுக் காயம்

இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பட்டாசு வழக்கு கார் வழக்கைவிடக் கடினம். கார் மோதினால் பின்னால் இன்சூரன்சு கம்பெனி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் விட்ட ராக்கெட்டுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. தீர்ப்பு கிடைத்தாலும் அவர்களிடம் பணம் இருக்க வேண்டுமே!

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. கவனக்குறைவாகக் கொளுத்தி எறிந்தவர் மேல் வழக்குப் போடலாம். திருவிழாவிலோ விருந்திலோ ஏற்பாட்டாளர்கள் கூட்டத்துக்கு நடுவில் வெடிக்கவிட்டால், அவர்களையும் சேர்க்கலாம். திரி கொளுத்தியதும் கையிலேயே வெடித்தது, படுத்துக்கொண்டு பாய்ந்தது என்றால், பொருளிலேயே கோளாறு இருக்கலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், கோளாறான பொருளால் காயம் பட்டால் செய்தவரையும் வெளிநாட்டிலிருந்து இறக்கியவரையும் பொறுப்பாக்குகிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உடைந்த மின்விசிறிக்கு அது சரி. உடற்காயத்தையும் மரணத்தையும் விசாரிக்க அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வெடித்த மிச்சக் காகிதம், பெட்டி, வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மறுநாள் காலை வாசல் கூட்டும்போது வழக்கே குப்பைக்குப் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய கெடுதல் பொய். லைசென்சு இல்லாமல் பட்டாசு விற்பது 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் அடைப்பதும் குற்றந்தான். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரியில், "அடுப்பு வெடிச்சிருச்சு டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். எண்ணெய் தெறித்த புண்ணும் வெடிமருந்துப் புண்ணும் ஒன்றல்ல. மருந்துத் துகள் கண்ணுக்குள்ளோ சதைக்குள்ளோ தங்கியிருக்கலாம். எதைத் தேட வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியவேண்டும். பிள்ளையின் பார்வை அதில் தொங்குகிறது. வழக்கு என்று வரும்போதும், முதல் நாள் ஆஸ்பத்திரித் தாளில் 'அடுப்பு' என்றிருந்தால் அதை மாற்றி எழுத யாராலும் முடியாது. எது வெடித்தது, யார் கொளுத்தினார், எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காயத்தைப் படம் எடுங்கள். ஆற ஆற வாரத்துக்கு ஒரு படம். குணமான பிறகு டாக்டரின் மருத்துவ அறிக்கைக்கு, அதாவது லாப்போரான் பெருபாத்தானுக்கு, ஆஸ்பத்திரி ரிக்கார்டு அலுவலகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள். கைக்கு வரக் காலமாகும், முன்கூட்டியே கேளுங்கள்.

கெடுவும் குழந்தைகளின் பணமும்

காயத்துக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் கேட்பதற்கு மூன்று வருடந்தான். மோதியது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம். காலம் இருக்கிறதே என்று ஆறப்போட்டால் சாட்சி வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விடுவார். சிறுபிள்ளைக்குக் காயம் என்றால் கெடு 18 வயதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆனாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாயோ தகப்பனோ பிள்ளையின் சார்பில் இப்போதே போடலாம்.

பிள்ளைக்கென்று கிடைக்கும் தொகையைப் பெற்றோர் கையில் கோர்ட்டு பெரும்பாலும் கொடுக்காது. அமானா ராயாவிலோ நிரந்தர வைப்பிலோ போட்டுவைத்து, 18 வயதானதும் பிள்ளையிடமே கொடுக்கும். நடுவில் கண் ஆபரேஷனுக்கோ பள்ளிச் செலவுக்கோ வேண்டுமென்றால், ரசீதோடு மனுக் கொடுத்துக் கேட்கலாம்.